கண்ணமுக்கமும் கைமருந்தும்

வீட்டிலே முதியவர் ஒருவருக்குக் கண்ணமுக்க நோய் கண்டிருக்கிறது என்னும் செய்தி அயலிற் பரவிவிட்டால், அன்று மாலையே விறாந்தையிற் கதிரைகள் போதாமற் போய்விடும். பொன்னாங்காணியை நாள் தவறாது உண்ணவேண்டும் என்பார் ஒருவர். திரிபலைக் கஷாயத்தாற் கண்ணைக் கழுவினால் எல்லாம் தீர்ந்துபோம் என்பார் மற்றொருவர். ஊசி குத்தும் சீன வைத்தியத்தைப் பற்றி ஒருவர் விரித்துரைப்பார். வெளிநாட்டிலிருக்கும் மருமகனோ, அங்கே கஞ்சா எண்ணெயைப் பலரும் புகழ்வதாகத் தொலைபேசியிற் சொல்வான். அனைவரும் நன்மையையே நினைத்துச் சொல்கின்றனர், அதில் ஐயமில்லை. மூன்று மாதங் கழித்து அம்முதியவரைக் கண்டு நலம் உசாவினால், "சொட்டு மருந்தை விட்டுவிட்டேன், தம்பி. இப்பொழுது கண் சுகமாகவே இருக்கிறது" என்று மகிழ்ச்சியோடு கூறுகிறார்.

அந்தச் "சுகம்" என்னும் சொல்லே இங்கு அச்சந் தருவது. ஏனெனில், குளுக்கோமா என்று வைத்தியர்கள் அழைக்கும் இந்நோயின் பெரும்பான்மையான வகையிலே, மருந்து இட்டாலும் சுகமாகவே இருக்கும். இடாவிட்டாலும் சுகமாகவே இருக்கும். வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடிவதும் இல்லை. பார்வையின் ஓரப் பகுதிகளே முதலிற் குறைகின்றன. ஒரு கண் காணாத இடத்தை மற்றக் கண் கண்டுவிடுவதால், குறை நேர்ந்ததைக் கண்ணுக்குரியவர் அறிவதில்லை. நிலைப்படியில் தோள் இடிபடத் தொடங்கும் வேளையில், பார்வை நரம்பின் பெரும்பகுதி அழிந்திருத்தல் கூடும். அந்நரம்பு பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகளால் ஆனது. அழிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. கண்புரையாற் பார்வை மங்கினவருக்குச் சத்திரசிகிச்சையினால் அதனை மீட்டுக் கொடுக்கலாம். குளுக்கோமாவினால் இழந்ததை மீட்டுத்தர உலகில் எந்த வைத்தியருக்கும் இன்றுவரை இயலவில்லை.

ஆகவே, பல்வலிக்குக் கிராம்புத் தைலம் தடவிப் பார்ப்பதைப் போல இந்நோய்க்கு ஒரு மருந்தைச் சும்மா பரீட்சித்துப் பார்த்துவிட முடியாது. பல்வலியில், மருந்து பலித்ததா இல்லையா என்பதைப் பல்லே சொல்லிவிடும். இங்கே கண் வாய் திறப்பதில்லை. அளவுகருவி ஒன்றே பேசவேண்டும். அக்கருவியும் சில வேளைகளிற் பொய் சொல்லும். அது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கண்ணின் முற்பகுதியிலே தெளிந்த நீர் ஒன்று ஓயாது ஊறிக்கொண்டிருக்கிறது. இது கண்ணீர் அன்று. கண்ணின் உள்ளேயே பிறந்து, உள்ளேயே ஓடி, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வாயில்களால் இரத்தத்திற் சென்று கலப்பது. ஊறும் அளவு நிமிடத்துக்கு 2 அல்லது 3 மைக்ரோலீற்றர். அதாவது, ஒரு துளியின் மிகச் சிறிய கூறு. வாய்க்கால் அடைபட்ட வயலில் நீர் கட்டுவது போல, வடிகால் தடைப்பட்டால் உள்ளே அமுக்கம் ஏறுகிறது. சாதாரணமாக இவ்வமுக்கம் 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரையில் இருக்கும். அதற்கு மேற்பட்டவர் அனைவருக்கும் நோய் வருவதும் இல்லை. அதற்குட்பட்டவர் அனைவரும் தப்புவதும் இல்லை. ஆயினும், நரம்பின் அழிவைத் தடுக்க இன்று வைத்தியர் கையில் இருக்கும் ஒரே திடமான வழி அமுக்கத்தைக் குறைப்பதுதான். இந்நோயின் வேறொரு வகை திடீரென்று கடும் வலி, சிவப்பு, வாந்தி ஆகியவற்றோடு தோன்றும். அதற்கு யோசனை கேட்டுக்கொண்டிராமல் அப்பொழுதே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

நஞ்சிலே பிறந்த மருந்து

மூலிகைகளை இகழ்வதற்காக இக்கட்டுரை எழுதப்படுவதாக அன்பர்கள் எண்ணலாகாது. குளுக்கோமாவுக்கு முதன்முதலிற் பயன்பட்ட மருந்துகள் இரண்டும் மூலிகைகளே.

இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கே கலபார் என்னும் துறைமுகம் உண்டு. அப்பகுதியில் முன்னாளிலே குற்றஞ் சாட்டப்பட்டவனை விசாரிப்பதற்கு ஒரு கொட்டை இருந்தது. அதனை அவனுக்கு உண்ணக் கொடுப்பார்கள். வாந்தியெடுத்துப் பிழைத்தானாயின் நிரபராதி; இறந்தானாயின் குற்றவாளி. இக்கொட்டை ஸ்கொட்லாந்திலுள்ள எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கிறிஸ்டிசன் என்னும் பேராசிரியர் 1855ஆம் ஆண்டில் அதில் ஒரு சிறு பகுதியைத் தாமே உண்டு பார்த்தார்! உடல் தளர்ந்து உயிருக்கு மோசம் வரும் நிலையில், முகச்சவரம் செய்த நீரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பினாராம். அவருக்குப் பின் தோமஸ் பிரேசர் என்பவர், அக்கொட்டையின் சாறு கண்பாவையைச் சுருங்கச் செய்கிறது என்பதை 1862ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். அதன் சத்தைப் பிரித்தெடுத்த பின், 1876ஆம் ஆண்டிலே லக்வேர் என்னும் கண் வைத்தியர் அதனைக் குளுக்கோமா நோயாளருக்கு இட்டார், அமுக்கம் தணிந்தது. லக்வேர் தாமே அந்நோயால் வருந்தியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மற்றது பிறேசில் நாட்டிலிருந்து வந்தது. ஜபொரண்டி என்னும் செடியின் இலையை அந்நாட்டு மக்கள் வியர்வை வருவிப்பதற்காகப் பயன்படுத்தி வந்தனர். அதிலிருந்து 1875ஆம் ஆண்டிலே பைலோகாப்பின் என்னும் சத்துப் பிரிக்கப்பட்டது. இரண்டொரு வருடங்களுக்குள் அது கண்ணுக்கு மருந்தாயிற்று. நூறாண்டுகளுக்கு மேலாக எத்தனையோ பேரின் பார்வையைக் காத்தது. இன்றும் சில நோயாளருக்கு அது கொடுக்கப்படுகிறது. நாளுக்கு நான்கு முறை இடவேண்டும், புருவம் வலிக்கும், இருட்டில் பார்வை மங்கும். ஆயினும் அது இன்ன அளவில், இன்ன நேரம் வரையில், இவ்வளவு அமுக்கத்தைக் குறைக்கும் என்பது அறியப்பட்டது. கிராமத்தின் இலை வைத்தியசாலையின் புட்டிக்குள் வந்தது இந்த அறிவினாலேயே.

கருவி சொல்லும் பொய்

அக்காலத்து வைத்தியர்கள் மூடிய இமையின் மேல் இரு விரல்களை வைத்து, கண் கல்லைப் போல இறுகியிருக்கிறதா, பழத்தைப் போல இளகியிருக்கிறதா என்று மதிப்பிட்டனர். 1905ஆம் ஆண்டில் நொர்வே நாட்டு வைத்தியர் ஷியோட்ஸ், கண்ணின்மேல் நேரே வைத்து அளக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். 1950களிலே சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்துப் பேராசிரியர் கோல்ட்மன் இன்னும் நுட்பமான கருவியை அமைத்தார். கண் வைத்தியரிடம் போனவர்கள் அதனை அறிவர்: கண்ணில் மஞ்சட் சாயம் ஒரு துளி, பின்னர் நீல ஒளியொன்று நெருங்கி வந்து கண்ணைத் தொடும். விறைப்பு மருந்து முன்னரே இடப்படுவதால் நோவதில்லை. கருவிழியின் மேல் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள இடத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

கருவி நல்லதே. பொய் எங்கே நுழைகிறது என்றால், கண்ணமுக்கம் ஒருநிலையில் நிற்பதில்லை. ஆரோக்கியமான கண்ணிலேயே ஒரு நாளுக்குள் 3 முதல் 6 அலகு வரையில் அது ஏறி இறங்கும். நோயுற்ற கண்ணிலே 10 அலகுகூட மாறலாம். பெரும்பாலும் இரவிலே படுத்திருக்கும்போதும் விடியும்போதும் ஏறியிருந்து, பகலில் தணியும். ஒரு லீற்றர் நீரை ஒரே மூச்சிற் குடித்தால் ஏறும். இறுக்கிய கழுத்துப்பட்டியும் ஏற்றும். ஆக, திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அளந்தபோது 26 இருந்தது, மருந்துச் சாறு குடித்து ஒரு மாதத்தின் பின் மாலை 4 மணிக்கு அளந்தபோது 20 இருந்தது என்றால், குறைத்தது சாறா, கடிகாரமா?

இதனினும் நுண்ணிய பொய் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அறிந்தவர்களுக்கு அதனை விளக்குவது எளிது. மார்கழி மழையில் வாய்வரை நிறைந்த கிணற்றைக் கண்டு ஒருவர் அஞ்சி, ஒரு கூழாங்கல்லை மந்திரித்து உள்ளே போடுகிறார். பங்குனியில் எட்டிப் பார்த்தால் நீர் இறங்கியிருக்கிறது. கல்லின் மகிமை! நோயாளியும் அவ்வாறே, அளவு மிக உயர்ந்து காணப்பட்ட நாளிலேதான் அஞ்சிப் புதிய மருந்தைத் தேடுகிறார். மிக உயர்ந்த அளவுக்குப் பின் வருவது பெரும்பாலும் அதனிற் சற்றுக் குறைந்த அளவே. மருந்து எதுவானாலும், அன்றி ஒன்றுமே இல்லாவிட்டாலும், இது நிகழும். நேர்மையான நோயாளியும் நேர்மையான பரிகாரியும் இருவரும் சேர்ந்தே இங்கு ஏமாந்து போகலாம்.

இவற்றையெல்லாம் விலக்குவதற்காகவே சோதனை முறைகள் எழுந்தன. நோயாளரைச் சீட்டுக் குலுக்கியது போல இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மருந்தும், மற்றதற்கு மருந்தைப் போன்றே தோன்றும் வெறுந் துளியும் கொடுப்பர். எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. சிறந்த ஆய்வுகளிலே அமுக்கத்தை அளக்கும்போது ஒருவர் கருவியின் சக்கரத்தைத் திருப்புவார். எண்ணை வாசிப்பவர் மற்றொருவர். குறைந்த எண்ணைக் காண விரும்பும் கை தன்னையறியாமலே சக்கரத்தை முன்னதாக நிறுத்திவிடக் கூடாதல்லவா?

ஒரு கண்ணுக்கு மாத்திரம் மருந்திட்டு, மற்றக் கண்ணைத் துலாக்கோலின் எதிர்த்தட்டாகக் கொள்ளும் வழக்கமும் வைத்தியரிடையே இருந்து வருகிறது. அழகான யோசனைதான். ஆனால், இரு கண்களும் எப்பொழுதும் ஒத்து ஏறி இறங்குவதில்லை. சில துளிகள் இரத்தத்திற் கலந்து மறுகண்ணையும் சிறிது தணிக்கின்றன. உட்கொள்ளும் கஷாயத்துக்கோ இம்முறை பயன்படவே மாட்டாது.

பொலிசார் கேட்ட கேள்வி

மாற்று மருந்து ஒன்றை இத்துலாக்கோலில் நிறுத்துப் பார்த்த வரலாறுகளிற் கஞ்சாவின் வரலாறே மிக நீண்டது; மிகவும் உருக்கமானதும் அதுவே.

கஞ்சா புகைத்தவனின் கண்பாவை விரியும் என்று நம்பிய லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிசார், அதனை உறுதிப்படுத்த விரும்பினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக் கண் வைத்தியர் ஹெப்ளர் சோதித்துப் பார்த்தார். பாவை விரியவில்லை, சற்றுச் சுருங்கியது. ஆனால், எதிர்பாராத வேறொன்று புலப்பட்டது: கண்ணமுக்கம் குறைந்திருந்தது. இதனை அவரும் பிராங் என்பவரும் 1971ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளியிட்டனர். சோதிக்கப்பட்டோர் ஒரு சிலரே. எனினும் செய்தி உலகெங்கும் பரவியது.

அக்காலத்தில் வாஷிங்டன் நகரிலே றொபேட் றண்டால் என்னும் இளைஞர் வாழ்ந்தார். இருபதுகளிலேயே அவருக்குக் கடுமையான குளுக்கோமா கண்டது. சில ஆண்டுகளிற் பார்வை போய்விடும் என்று வைத்தியர் கூறிவிட்டார். மாலை வேளைகளிலே தெருவிளக்குகளைச் சுற்றி வானவில் போன்ற வளையங்கள் அவருக்குத் தோன்றும். அமுக்கம் ஏறியதன் அறிகுறி அது. ஒருநாள் கஞ்சா புகைத்தபின் அவ்வளையங்கள் மறைந்தன என்பதை அவர் கவனித்தார். வீட்டிலேயே சில செடிகளை வளர்த்தார். 1975ஆம் ஆண்டில் பொலிசார் அவற்றைக் கண்டு அவர்மீது வழக்குத் தொடுத்தனர்.

இங்கேதான் றண்டால் ஏனையோரினின்றும் வேறுபடுகிறார். "எனக்குச் சுகமாக இருக்கிறது" என்பதோடு அவர் நிற்கவில்லை. ஹெப்ளரிடம் போய்த் தம் கண்களை நாட்கணக்காக அளந்து பார்க்க ஒப்புக்கொண்டார். வழக்கமான மருந்துகள் மாத்திரம் அவருக்குப் போதவில்லை. கஞ்சாவும் சேர்ந்தபோது அமுக்கம் தணிந்தது. அந்த எண்களை நீதிமன்றம் ஏற்றது. 1976ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பார்வையைக் காக்கும் தேவையின் பொருட்டே அவர் அதனைப் பயன்படுத்தினார் என்று கூறி விடுதலை செய்தது. எந்த அரசாங்கம் அவரைக் கைது செய்ததோ, அதுவே பின்னர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துத் தோட்டத்தில் விளைந்த கஞ்சாவைச் சிகரெட்டாகச் சுற்றி அவருக்கு வழங்கியது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 சிகரெட்டுகள். அவர் 2001ஆம் ஆண்டில் வேறு நோயினால் இறந்தார். அதுவரையிற் பார்வையை முற்றாக இழக்கவில்லை.

இதனைப் படிப்பவர், "பின் என்ன தடை?" என்று கேட்பது இயல்பே. அந்தப் பத்து என்னும் எண்ணிலேயே விடை இருக்கிறது. கஞ்சா அமுக்கத்தைக் குறைப்பது உண்மை. புகைத்தவரிற் பலருக்கு நான்கில் ஒரு பங்கு அளவில் குறைந்தது. ஆனால், அப்பயன் 3 அல்லது 4 மணித்தியாலமே நிற்கும். அமுக்கமோ இருபத்துநான்கு மணித்தியாலமும் நரம்பை நெருக்கிக்கொண்டிருக்கிறது. எனவே இரவும் பகலும் 6 முதல் 8 முறையாவது புகைத்தாக வேண்டும். அத்தகைய மனிதர் வண்டி ஓட்டுவது எங்ஙனம்? கணக்கு எழுதுவது எங்ஙனம்? பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுதான் எங்ஙனம்? இரவிலே அலாரம் வைத்து எழுந்து புகைக்க வேண்டிய முதியவரை நினைத்துப் பாருங்கள்.

வேறொரு தீங்கும் வெளிப்பட்டது. குளுக்கோமா நோயாளர் 18 பேரைக் கொண்டு மெரிற் என்பவரும் அவர் குழுவினரும் நடத்தி 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, கண்ணமுக்கத்தோடு குருதி அமுக்கமும் சேர்ந்தே விழுந்தது. பார்வை நரம்பு உயிர்வாழ்வது குருதியினாலன்றோ? ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறிக்கும் மருந்தாக அது ஆகிவிடலாம் என்ற ஐயம் எழுந்தது. புகையாக அன்றி உட்கொள்ளவும் கொடுத்துப் பார்த்தனர். வேறு எம்மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளர் 9 பேரைப் பற்றி 2002ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வந்தது. தொடக்கத்தில் அனைவருக்கும் அமுக்கம் குறைந்தது, அக்குறைவு நிலைக்கவில்லை, உடலும் மனமும் பட்ட தொல்லையால் ஒன்பதாம் மாதத்துக்குள் ஒருவர் விடாமல் எல்லோரும் அதனைக் கைவிட்டனர். கஞ்சாவிலுள்ள போதையற்ற சத்தாகிய சிபிடியை, இன்று எண்ணெயாகப் பெரிதும் விற்கப்படும் அதே பொருளை, 2006ஆம் ஆண்டில் நாக்கின் கீழ் இட்டுச் சோதித்தபோது, கூடிய அளவிலே கண்ணமுக்கம் குறையாதது மாத்திரமன்றி, சிறிது நேரம் ஏறவும் செய்தது. மருமகன் சொல்லும் எண்ணெய் எதுவென்று கேட்டறிவது நல்லது.

றண்டாலுக்கு நேர்ந்தது பொய்யா என்றால், அன்று. அவர் காலத்துக்கு அவர் செய்தது துணிவும் நேர்மையும் வாய்ந்த செயல். ஆனால், அந்தத் தீர்ப்பு வந்த 1976இல், இன்றைய முக்கிய துளிகள் எவையும் வழக்கில் இருக்கவில்லை. டிமோலோல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1978இல். நாளுக்கு ஒரே துளியோடு இரவு பகல் முழுவதும் அமுக்கத்தை அடக்கும் லட்டனோப்புறொஸ்ட் 1996இல்.

தலைகீழாய் நிற்பதும் தனித்திருப்பதும்

ஏனையவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஊசி குத்தும் வைத்தியத்தைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் கொக்றேன் என்னும் மருத்துவ ஆராய்ச்சிக் கூட்டமைப்பினர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திரட்டி ஆராய்ந்தனர். எந்த முடிவுக்கும் வர இயலாத அளவுக்கு அவை நலிந்தவை என்றே ஒவ்வொரு முறையும் கூறினர். ஜிங்கோ மரத்தின் இலைச்சாறு அமுக்கத்தைக் குறைக்கவில்லையாயினும் பார்வைப் புலத்தைச் சீராக்கியது என்று 2003ஆம் ஆண்டில் இத்தாலியர் 27 நோயாளரைக் கொண்டு எழுதினர். 2014ஆம் ஆண்டில் சீன நோயாளரிடம் அதே சோதனையைத் திருப்பிச் செய்தபோது அந்நன்மை காணப்படவில்லை. ஒருமுறை பலித்தது மறுமுறையும் பலிக்கிறதா என்று பார்ப்பது எத்துணை அவசியம் என்பதற்கு இதனை எடுத்துக் காட்டலாம்.

யோகாசனத்தைப் பற்றி நம்மவர் சிறப்பாக அறியவேண்டிய செய்தி சென்னையிலிருந்து வந்தது. சங்கர நேத்திராலய வைத்தியர்கள், சிரசாசனம் பழகிய 75 பேரை அந்நிலையிலேயே வைத்து அளந்து 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தலைகீழாக நின்றபோது கண்ணமுக்கம் ஏறக்குறைய இருமடங்காயிற்று! நியூ யோர்க்கில் 2015ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்விலே, தலை தாழும் வேறு நான்கு ஆசனங்களிலும் ஒரு நிமிடத்துக்குள் அமுக்கம் ஏறியது. நிமிர்ந்தபின் விரைவில் இறங்கிவிட்டது என்பது உண்மை. எனினும், நரம்பு ஏற்கெனவே நலிந்தவர்கள், கண்ணுக்கு நல்லதென்று எண்ணி நாடோறும் சிரசாசனம் செய்வது வருந்தத்தக்கது. விரைந்து நடத்தல் போன்ற சாதாரண தேகப் பயிற்சியோ அமுக்கத்தைச் சிறிது தணிக்கிறது.

தியானத்தின் கதை வேறு. புதுடில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தினர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, 90 நோயாளரைச் சீட்டு முறையால் இரு கூறாக்கினர். ஒரு கூறினர் 21 நாள் தினமும் ஒரு மணித்தியால அளவு தியானம் பழகினர், மற்றையோர் காத்திருந்தனர். தியானித்தவர்களின் அமுக்கம் 18 அல்லது 19 என்னும் நிலையிலிருந்து 13 வரையில் இறங்கியது. சிறு குறைவன்று அது. மனம் கலங்கும்போது உடலிற் சுரக்கும் பொருள்களும் அவர்களிற் குறைந்தன. நமக்கோ இச்செய்தி இனிக்கிறது. இனிப்பதனாலேயே இதனையும் அதே துலாக்கோலில் வைக்கவேண்டும். தியானிப்பவர் தாம் தியானிப்பதை அறிவார். அதனை மறைக்க வழியில்லை. மூன்று வாரம் என்பது வாழ்நாள் நோய்க்குச் சிறுபொழுது. இவ்விரண்டையும் விட முக்கியமானது, அந்நோயாளர் ஒருவரும் துளி மருந்தை நிறுத்தவில்லை என்பதே. துளியோடு தியானம் செய்தார்கள். துளிக்குப் பதிலாக அன்று.

வைத்தியருக்கும் அதே துலாக்கோல்

"மேனாட்டு மருந்துகள் மாத்திரம் இப்படியெல்லாம் சோதிக்கப்பட்டனவா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை அம்மருந்துகளுக்கு முழுப் பெருமை தருவதாக இல்லை. நூறாண்டுக்கு மேலாக அமுக்கத்தைக் குறைத்து வந்த வைத்தியர்கள், அவ்வாறு குறைப்பதாற் பார்வை காக்கப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் நம்பிக்கையின் பேரிலேயே செய்து வந்தனர். சுவீடனில் 255 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு உடனே சிகிச்சையும், மறு கூறுக்குக் கவனமான காவலுடன் சிகிச்சையின்மையும் அளித்து நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டிலேதான் முடிவு கூறியது. சிகிச்சை பெற்றோரில் 45 வீதத்தினருக்கும், பெறாதோரில் 62 வீதத்தினருக்கும் நோய் முற்றியது. அமுக்கம் ஓரலகு குறையுந்தோறும் ஆபத்துப் பத்தில் ஒரு பங்களவு குறைந்தது.

பிரித்தானியாவில் 516 பேரைக் கொண்டு நடந்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இன்னும் கண்டிப்பானது. ஒரு கூறுக்கு லட்டனோப்புறொஸ்ட். மறு கூறுக்கு மருந்தற்ற வெறுந் துளி. ஈராண்டில், வெறுந் துளி பெற்றோரில் நால்வரில் ஒருவருக்குப் பார்வைப் புலம் சுருங்கியது; மருந்து பெற்றோரில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கே அவ்வாறாயிற்று. மருந்தின் அமுக்கக் குறைவு 3.8 அலகு. இனி, இந்த ஆய்வில் எமக்கு மிகவும் பிடித்த எண் வருகிறது: வெறுந் துளியினாலும் 0.9 அலகு குறைந்திருந்தது! மருந்தே இல்லாத துளியை இட்டவர்களுள்ளும், "எனக்கு இது பலித்தது" என்று சத்தியம் செய்யக்கூடியவர் பலர் இருந்திருப்பார்கள். முற்றத்திலே கூடும் நம் அயலவர் சொல்லும் கதைகளிற் பாதி, அந்த 0.9க்குள் அடங்கியவையாக இருக்கலாம்.

மருந்தையும் நம்பாமல், துளியையும் நிறுத்தாமல், எதையாவது பரீட்சிக்கவே விரும்பும் வீட்டினர் செய்யத்தக்கது உண்டு. முதலில் கண் வைத்தியரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். கோபிப்பார் என்று அஞ்சவேண்டாம், கோபித்தாலும் சொல்லுங்கள். துளி மருந்து வழக்கம்போல நடக்கட்டும். புதியதைத் தொடங்குமுன் இரண்டு மூன்று வேறு நாட்களிலும், தொடங்கியபின் இரண்டு மூன்று நாட்களிலும், ஒரே மணிக்கு அமுக்கத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவைக் கொண்டு மகிழவோ கலங்கவோ வேண்டாம். பார்வைப் புலச் சோதனையை ஆண்டுதோறும், அல்லது வைத்தியர் சொன்ன தவணையிற் செய்வியுங்கள். பொன்னாங்காணியைத் தாராளமாக உண்ணலாம், நல்ல கீரை. கண்ணுக்குள் மாத்திரம் எந்த இலைச்சாற்றையும் தேனையும் பாலையும் பிழிய வேண்டாம். கிருமி புகுந்து கருவிழியையே கெடுத்துவிடும். கண் சிவந்ததற்கென்று மருந்துக் கடையில் தாமாக வாங்கி இடும் துளிகளிலும் எச்சரிக்கை வேண்டும். ஸ்ரீரொயிட் கலந்த துளி சிலருக்குக் கண்ணமுக்கத்தை ஏற்றி, குளுக்கோமாவையே உண்டாக்கிவிடுகிறது.

துளியை இடுவதிலும் ஒரு முறை உண்டு. அதனைப் பலரும் அறியார். தலையைச் சாய்த்து, கீழிமையைச் சற்று இழுத்து, ஒரே துளி இட்டால் போதும். பின்னர்க் கண்ணை மெல்ல மூடி, மூக்கையொட்டிய கண்மூலையை விரலால் இரண்டு நிமிடமாவது அமர்த்திப் பிடிக்கவேண்டும். இல்லாவிடில் மருந்து மூக்கு வழியே இறங்கி உடலிற் கலந்துவிடும். இரண்டு வகைத் துளி இடுபவர் இடையிலே ஐந்து நிமிடம் விடவேண்டும். கை நடுங்கும் முதியவருக்கு மகளோ பேரனோ இட்டுவிடுதல் நன்று. அவ்வாறு இட்டுவிடுகிறவரும், நாற்பது வயதைக் கடந்தவராயின், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகும்போது தம் கண்ணையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லவேண்டும். இந்நோய் குடும்ப வழியாக வருவது. பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இருந்தால் தமக்கும் வரக்கூடிய வாய்ப்பு மற்றையோரினும் பன்மடங்கு கூடுதலாகும்.